மலையகச் சிறுகதையில் மாந்தர் படைப்பு

தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலில் ஒரு தொழிலாளிக்கு உள்ளது பேர் ஒன்றே. நாள் முழுதும் உழைத்தாற் பேர் விழும்; குறைந்தால் அரைப்பேர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964இல் எழுந்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தொகை வகுத்தது. இங்ஙனம் எண்ணாகவே கருதப்பட்டவர்களைக் கதைமாந்தராக்க முற்படும் எழுத்தாளனுக்கு நேரும் பெரிய இடர், வியப்பாயினும், அவன் உள்ளத்து இரக்கமேயாம்.

இரக்கம் மிகுந்தவழித் தொழிலாளி குற்றமே அறியாதவனாகின்றான், கங்காணி கொடியவனாகின்றான், துரை அரக்கனாகின்றான். இவ்வச்சுக்கள் முற்றும் பொய்யல்ல. தோட்ட வாழ்க்கையே அவற்றுக்குச் சான்று தரும். ஆயினும் முதற்பக்கத்திற் கண்ட ஒருவன் இறுதிப் பக்கத்தில் யாது செய்வான் என்பதைப் படிப்போர் முன்னரே அறிந்துவிடுகின்றனர். ஈ. எம். போஸ்டர் 1927இல் வெளியிட்ட நூலிற் கதைமாந்தரைத் தட்டையானவர், திரட்சியுடையவர் என இருவகைப்படுத்தினார். நம்பத்தக்க முறையில் நம்மை வியப்பிலாழ்த்த வல்லவரே திரட்சியுடையவர் என்பது அவர் கண்ட அளவுகோல்.

இவ்வளவுகோலுக்கு ஈடுகொடுக்கும் படைப்பினைப் பதுளைப் பகுதியே தந்துள்ளது. ஹாலிஎலயை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இற் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். அவருடைய ‘மீன்கள்’ என்னுஞ் சிறுகதை லயத்துக் காம்பரா ஒன்றினுள் நிகழ்கின்றது. வளர்ந்த மகளும் உறங்கும் அவ்வொற்றை அறையில், இருளிலே, மனைவியென மயங்கி மகளைத் தீண்டிவிடுகின்றான் தந்தை. கூறவும் கூசும் பொருள் இது. பிறிதொருவர் கையிற்பட்டிருப்பின், ஒன்று இழிந்த கதையாகியிருக்கும். அன்றி, வீட்டுவசதி வேண்டும் விண்ணப்பமாகியிருக்கும்.

இரண்டும் ஆகாமைக்குக் காரணம் அத்தந்தையின் நாணமே. பிழைக்கு வித்திட்டது இடநெருக்கடி என்பதைப் படிப்போர் உணர்கின்றனர். ஆனால் அவ்வுணர்வு அவன் துயரத்தை அணுவளவும் குறைப்பதில்லை. தொல்காப்பியர் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு நிலைக்களன்கள் வகுத்தார். இத்தந்தையின் இளிவரல் அந்நான்கனுள் வருத்தத்தோடும் மென்மையோடும் ஓரளவு பொருந்துமேனும், அவற்றுள் அடங்கிவிடுவதன்று. அவன் கூசுவது பிறர் முன்னல்ல, தன் முன்னரே. தவறு செய்யவும் அதற்காக உள்ளம் வெந்து வருந்தவும் உரிமை பெற்ற பின்னரே அவன் செக்ரோற் பேர் என்னும் நிலை நீங்கி மனிதனாகின்றான். துன்பத்தைப் பட்டியலிடும் கதைகள் பல இருந்தும் அவை தரமாட்டாத உரிமை இது.

தொழிலாளியின் உள்ளத்தை இத்துணை நுணுகி நோக்கிய மலையகப் புனைகதை, கங்காணியின் உள்ளத்துட் புகத் தயங்கியே வந்துள்ளது. வரலாறோ அவனைத் தட்டையானவனாகக் காட்டவில்லை. தன் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தவன் அவன். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவனும் அவனே. கடனைக் குறித்த துண்டுச்சீட்டு ஒன்றினாலேயே ஆட்கள் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர். அத்துண்டு முறை 1921இற்றான் ஒழிக்கப்பட்டது. உறவினன், கடன்கொடுத்தோன், மேற்பார்ப்போன் ஆகிய மூவரும் ஓருடலில் வாழ்ந்த அம்மனிதன், தன்னிடம் கடன்பட்டவன் வீட்டுத் திருமணப் பந்தலில் முதல் வரிசையில் அமர்ந்திருந்த வேளையில் யாது நினைத்திருப்பான்? துரை முன் தலைப்பாகையைக் கழற்றி நின்றுவிட்டு லயத்துக்குத் திரும்பும் வழியில் அவன் முகம் எவ்விடத்தில் மாறியிருக்கும்? வில்லன் என்னும் ஒரு சொல்லால் அவனை ஒதுக்கிய கதைகளில் இவ்வினாக்களுக்கு இடமே இல்லை.