ஏழே எழுத்து

இராயாக்களின் நிதோக் கொடிக் கூடையைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும். நெசவுப் பிரியர்கள் ராமித் துணியின் அவுரி நீலத்தில் மயங்கட்டும். பிலிப்பைன்ஸின் மிந்தோரோ தீவில் வாழும் மங்யான் பழங்குடிகளின் கைப்பொருள்களில் எனக்கு ஒன்று போதும்: தெற்கு மிந்தோரோவின் ஹனுனூக்கள் கத்திமுனையால் அம்பாகான் என்ற பாட்டைக் கீறிய ஒரு மூங்கில் துண்டு. அதிலும் கீறிய எழுத்தைவிடக் கீறாமல் விட்ட எழுத்தின் மேல்தான் எனக்குப் பித்து.

அந்த மூங்கிலில் ஒற்று கிடையாது. கன், கம், கத், கல் எதுவானாலும் ‘க’ மட்டும்தான். மிச்சத்தைப் படிப்பவர் வாய் நிரப்பவேண்டும். இதைக் குறைபட்ட எழுத்து என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் அம்பாகானை எண்ணிப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். அடிக்கு ஏழு உயிரொலி என்பது கணக்கு. முதலடி மட்டும் சிலசமயம் மீறும். ஒற்று எழுதாததால் ஏழு ஒலிக்கும் ஏழே எழுத்து. கட்டளைக் கலித்துறைக்கு ஒற்று நீக்கி விரல்விட்டு எண்ணிப் பழகிய நமக்கு இந்த அழகை யாரும் சொல்லித்தர வேண்டாம். நாம் மனத்தில் நீக்குகிறோம். ஹனுனூக்கள் எழுதும்போதே நீக்கிவிட்டார்கள்.

இதைவிட நுட்பம் இயைபில் இருக்கிறது. அம்பாகான் அடிக்கு அடி ஈற்றொலி ஒன்றி நடப்பது. அந்த ஈறு ஒற்றில் முடிந்தால் மூங்கிலில் அது தெரியவே தெரியாது. பாட்டை இழுத்துக் கட்டும் முடிச்சே எழுத்தில் இல்லை, வாயைத் திறந்தால்தான் விழும். கண்ணால் படித்துவிட்டுப் போகிறவருக்கு இந்தக் கவிதையில் பாதிகூடக் கிடைக்காது.

எங்கள் வீட்டுப் பரணில் வைத்திய ஏடுகள் சில இருந்தன. புள்ளி இல்லாத அந்த வரிகளில் நாங்கள் தடுக்கி விழும்போது தாத்தா, “வாய்விட்டுப் படிடா, புள்ளி தானா வரும்” என்பார். வரும். ஆனால் ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று நமக்கு ஒரு சாக்கு உண்டு. மூங்கிலுக்கு அதுவும் கிடையாது. இகரத்துக்கும் உகரத்துக்கும் சின்னக் கீற்று போடுகிற கத்தி ஒற்றுக்கும் ஒரு கீற்று போட்டிருக்கலாம். போடவில்லை.

போட்டவர் ஆந்தோன் போஸ்ட்மா. மன்சாலாய்ப் பக்கம் பனாய்தாயனில் வாழ்ந்த டச்சுப் பாதிரியார். நம் எகர ஒகரங்களைத் திருத்த ஒரு வீரமாமுனிவர் வந்ததுபோல், ஒற்றைக் குறிக்கப் பமுத்போத் என்ற கீற்றை அங்கே கொண்டுவந்தவர் இவர். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அம்பாகான்களைத் தேடித் தொகுத்து, பிறப்பிலிருந்து சாவுவரை வரிசைப்படுத்தி 1972-ல் அச்சேற்றிய மனிதர். பிலிப்பைன்ஸின் பழைய லகூனா செப்பேட்டைப் படித்துச் சொன்னவரும் அவரே. ஆனாலும் பமுத்போத் இட்ட அம்பாகானைப் பார்த்தால் எனக்குப் பல் கூசுகிறது. ஏழு எழுத்து அடி ஒன்பதாகிறது, பத்தாகிறது. தெளிவு கூடுகிறது, கட்டு தளர்கிறது.

வெளியாருக்குப் புரிய வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இது வெளியாருக்காக எழுந்த எழுத்தா என்ன? பள்ளிக்கூடம் இல்லாமலே மலைக்காட்டில் பரவிக் கிடந்த இந்த எழுத்தறிவைப் பற்றி மானுடவியலாளர் ஹாரல்ட் காங்க்லின் 1949-லேயே எழுதினார். இளவட்டங்கள் இதைக் கற்றது முக்கியமாகக் காதலுக்காக. காதலி வாய் நிரப்பிக்கொள்வாள் என்ற நம்பிக்கையில் விட்ட ஒற்று அது. உடம்பிலிருந்து விலக்கிக் கீறுவதால் வரி கீழிருந்து மேலேறும். இடக்கையர் எழுதினால் எழுத்தே கண்ணாடிப் பிம்பமாகும். எந்தப் பக்கம் திருப்பினாலும் படிக்கிறவர்களுக்கு ஒற்று ஒரு தடையா?

ஹனுனூக் கவிஞர்களில் என் ஆள் கினாவ் பிலோக். தந்தையும் தாத்தாவும் பதிந்துவைத்தவற்றைப் பொத்திவைத்து, மூங்கிலிலும் பழைய நோட்டுப் புத்தகங்களிலும் அம்பாகான்களைச் சேர்த்தவர். 1993-ல் பிலிப்பைன்ஸ் அரசு நாட்டின் வாழும் கலைச்செல்வமாக அவரைக் கௌரவித்தது. 2003-ல், ஐம்பது வயதில் போய்விட்டார். அந்த வயதில்தான் அம்பாகான் போட்டியில் பெரியவர்கள் சூடுபிடிப்பார்கள்: ஒருவர் மரத்தையோ பறவையையோ பேசவைத்து எடுத்துவிட, மற்றவர் அன்றாடப் பேச்சில் புழங்காத சொல்லாகப் பொறுக்கிப் பதில் கட்டுவார்.

இப்போது அம்பாகானுக்குக் கிதார் சேர்க்கிறார்கள். கித்கித் பிடிலும் குத்யாபி நரம்புக்கருவியும் வைத்திருந்தவர்களே வாத்தியம் வேண்டாமென்று வெறுங்குரலில் விட்ட பாட்டு இது. எழுத்தோ பனியனிலும் பச்சைகுத்தலிலும் ஏறிவிட்டது. கணினி எழுத்துருவின் ஒரே தடிமனில், கத்தி அழுந்திய இடமும் தெரியாமல், நழுவிய இடமும் தெரியாமல். 1997-ல் தேசியப் பண்பாட்டுச் செல்வம், 1999-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியல் என்று மரியாதைக்குக் குறைவில்லை. பட்டியல் எழுத்தைக் காக்கும், காதை யார் காப்பது?

என் கட்சி இவ்வளவுதான். பாடப்புத்தகத்துக்கும் கடிதத்துக்கும் அறிவிப்புப் பலகைக்கும் பமுத்போத் இருக்கட்டும், உரைநடைக்கு அது உதவும். அம்பாகானை மட்டும் ஏழே எழுத்தில் விட்டுவிடுங்கள். படிக்கத் தெரியாதவர் பக்கத்து வீட்டுக் கிழவரிடம் போய்க் கேட்கட்டும். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அது இத்தனை காலம் வந்திருக்கிறது.