நடுகல்லைக் காணும் முறை

அதியமான் ஆண்ட தகடூராகிய தருமபுரிச் சீமையில், வயல் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் ‘வேடியப்பன்’ என்று ஜனங்கள் வணங்கும் நடுகற்களைக் கும்பிட்டுவிட்டு அப்பால் செல்பவர் அநேகர்; ஆயினும், ஒரு செய்தியைச் சித்திரத்தால் தெளிவுறச் சொல்வது எங்ஙனம் என்று அறிய விரும்புவோர்க்கு அவற்றினும் சிறந்த பாடம் நம் நாட்டில் அரிது என்பது என் திடமான அபிப்பிராயம்.

வெட்டவெளியில் நிற்கும் கல்லைக் காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் காண்பதே உத்தமம். மேலோட்டமாகவே புடைத்திருக்கும் உருவம் உச்சி வெயிலில் மங்கிவிடும். முதலில் சற்று விலகி நில்லுங்கள். ஒரே மனிதன், ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், உடலில் தைத்த அம்பு இரண்டொன்று. பின்னே காடில்லை, ஊரில்லை, பகைவர் திரளில்லை. சுற்றிலும் சிற்பி விட்டுவைத்த அந்த வெறும் பரப்பே வில்லின் வளைவையும் ஊன்றிய காலின் உறுதியையும் பார்த்த மாத்திரத்தில் நம் கண்ணில் சேர்க்கிறது.

பிறகு நெருங்கி எழுத்தை நோக்குங்கள். அரசனின் ஆட்சியாண்டு, ஊர், தொறுவை, அதாவது கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை, மீட்டு உயிர்விட்டவனின் பெயர் என்று வட்டெழுத்தில் சில வரிகள்; புகழுரை ஒன்றுமில்லை.

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல்லில், வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற, கோவிவன் என்னும் பெயருடைய அந்த நாய்க்கு எழுத்திலும் இடம் உண்டு. செய்திக்கு அவசியமானது எதுவோ அதுவே கல்லில் ஏறும் என்னும் நியமத்தை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. பிற்காலத்தில் கீழே போர், நடுவே தேவமாதர், மேலே சிவலோகம் என அடுக்குகள் பெருகியபோதும், இடையே கோடிட்டுப் பிரித்தவரை பொருள் குழம்பவில்லை.

இக்கண்ணோடு நம் கடைவீதியின் பிளெக்ஸ் பேனரைப் பாருங்கள். இருபது முகங்கள், ஐந்து வர்ணங்கள், பூமாலை, மின்னல், நட்சத்திரம்; விழா எந்நாள், எவ்விடம் என்னும் பிரதான விஷயமோ ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு முகமும் தன்னையே முதலில் பார்க்கச் சொல்வதால் எதுவும் மனத்தில் நிலைப்பதில்லை.

இந்த நெரிசல் கற்களையே தீண்டுவதுதான் வருத்தம். பக்தியினால் பூசும் சுண்ணாம்பும் பெயின்ட்டும் ஆழமற்ற எழுத்துகளை நிரப்பிவிடுகின்றன. அத்தகைய கல்லைக் கண்டால் நீங்களே சுரண்ட முற்பட வேண்டாம். தொல்லியல் துறையினருக்குத் தெரிவியுங்கள். பழுதில்லாத கற்களை நிதானமாகக் காண விரும்புவோர்க்குத் தருமபுரி நகரத்து அகழ்வைப்பகம் இருக்கிறது.