வடிவும் மதிப்பும்: ஓர் இசைத்தட்டு உறையின் எழுத்துரு

எழுத்துருவை இனங்காணுதல் பெரும்பாலும் வடிவ ஒப்பீடாகவே கருதப்படுகிறது. ஆனால் ஒப்பிடுவதற்கு முன்பே, காணப்படும் வடிவு எந்த எழுத்து என்பது முடிவாகியிருத்தல் வேண்டும். அஃதாவது வாசிப்பு முந்துகிறது. ஒப்பீடு அதனைப் பின்தொடர்கிறது. வாசிப்பே திசைமாற்றிவிடுமாயின் இனங்காணல் என்னவாகும் என்பதற்கு, மான்செஸ்டர் நகரின் ஜாய் டிவிஷன் குழுவினுடைய 'சப்ஸ்டன்ஸ்' என்னும் தொகுப்பு இசைத்தட்டின் உறை தக்க சான்று. ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் 1988இல் வெளியிட்ட இதன் உறையைப் பிரெட் விக்கன்ஸும் பீட்டர் சேவிலும் வடிவமைத்தனர்.

உறையின் எழுத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பெயர் 'நியூ அல்ஃபபெட்'. நெதர்லாந்து வடிவமைப்பாளர் விம் கிரௌவெல் (1928–2019) 1967இல் வெளியிட்டது அது. எதிர்மின் கதிர்க்குழாய் கொண்டு எழுத்துக் கோக்கும் எந்திரங்கள் அப்போது புதியவை. அவை எழுத்தைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் துணித்து வரைந்தன. அதனால் பழைய அச்செழுத்தின் வளைவுகள் படிக்கட்டுப்போல் சிதைந்தன. எழுத்தின் அளவு மாறுந்தோறும் சிதைவும் மாறியது. எந்திரத்தைத் திருத்துவதினும் எழுத்தைத் திருத்துவதே வழி எனக் கிரௌவெல் கருதினார். வளைவுகளை முற்றிலும் நீக்கினார். கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, மூலையில் 45 பாகைச் சாய்வு என்பவற்றோடு நின்றார். எழுத்துகளின் அகலம் ஒன்றே. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் இரட்டை வடிவமும் இல்லை. அமைப்பின் ஒழுங்கு முழுமை பெற்றது. ஆனால் பல எழுத்துகள் பழகிய உருவை இழந்தன. அட்டவணையின் துணையின்றி அவற்றைப் படிப்பது அரிது. அன்றாட அச்சுக்கென அன்றி, ஒரு முன்மொழிவாகவே அவர் இதனை வைத்தார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, உறையிலுள்ள ஒன்பது குறிகளைக் கிரௌவெலின் அட்டவணையோடு ஒவ்வொன்றாகப் பொருத்தினால் 'சப்ஸ்டன்ஸ்' என்னும் சொல் கிடைப்பதில்லை. ஆறாம் இடத்தில் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்துக்கு மாறாக எண் 1 நிற்கிறது; ஏழாம் இடத்தில் 'என்' நிற்கவேண்டிய இடத்தில் 'எம்' நிற்கிறது. எனினும் வாசகர் எவரும் தடுமாறுவதில்லை. அட்டவணையில் அவற்றுக்குரிய மதிப்பு எதுவாயினும், பார்வைக்கு அவ்விரு குறிகளே வேண்டிய எழுத்துகளை நெருங்கி நிற்கின்றன. எஞ்சியதைச் சொல்லின் சூழல் நிரப்பிவிடுகிறது. படத்திலுள்ள வடிவு இன்ன எழுத்தெனப் பயனர் குறித்த பின்னரே ஒப்பிடும் கணினி நிரல்கள் இங்கு இடறுவதும் இதனாலேயே. 'ஏ' என்று குறித்தால் அட்டவணையின் 'ஏ' பொருந்தாது. பொருந்தும் குறியோ எண்களின் வரிசையில் கிடக்கிறது.

இதனைக் கவனக்குறைவு என ஒதுக்குவது எளிது. ஆயின் அது சரியன்று. கிரௌவெலின் நூல் வெளிவந்த அதே 1967இல் ஜெரார்டு உங்கர் அதற்கு எதிர் முன்மொழிவு ஒன்றை வெளியிட்டார். எந்திரமே மனிதக் கண்ணுக்கு இசையவேண்டும் என்பது அவர் நிலை. உறை வடிவமைப்பாளர்கள் விவாதம் எதுவுமின்றி அப்பக்கமே சாய்ந்துள்ளனர். கிரௌவெலின் தோற்றத்தை அவர்கள் ஏற்றனர். குறிக்கும் ஒலிக்கும் இடையே அவர் வகுத்த உறவை ஏற்கவில்லை. மூலத்தின் சொல்லழகை வைத்துக்கொண்டு இலக்கணத்தைக் கைவிடும் மொழிபெயர்ப்போடு இதனை ஒப்பிடலாம். அத்தகைய மொழிபெயர்ப்பு வாசகருக்கு நன்மையே செய்கிறது. மூலத்தை அதன்வழி மீட்க முயல்வோர்க்குத்தான் அது பொறி.

ஓலைச்சுவடிப் பதிப்பாளர்க்கு இச்சிக்கல் புதிதன்று. புள்ளியிடப்படாத மெய்யையும், காலென்றும் ரகரமென்றும் கொள்ளத்தக்க குறியையும் அவர்கள் பொருள் நோக்கியே தெளிந்தனர். ஆனால் சுவடியில் ஒரு குறி இரு மதிப்பை மரபாகவே ஏற்றது. இவ்வுறையிலோ மரபு குறித்த மதிப்பு ஒன்று, வாசிக்கப்படும் மதிப்பு வேறொன்று.

காலக்கணக்கிலும் எச்சரிக்கை தேவை. இன்று ஒப்பீட்டுக்குக் கைக்கெட்டும் கணினி எழுத்துருவை இலண்டனின் 'தி ஃபவுண்டரி' 1997இல்தான் வெளியிட்டது. 1988ஆம் ஆண்டு உறைக்கு அது மூலமாதல் இயலாது. எனவே உறையின் விவரப் பதிவில் 'நியூ அல்ஃபபெட்' என்று மட்டும் எழுதுவது குறையுடையதாகும். 1967ஆம் ஆண்டு அட்டவணையைத் தழுவியது என்பதையும், ஆறாம் ஏழாம் குறிகள் மதிப்பு மாறி வந்துள்ளன என்பதையும் சேர்த்து எழுதுதல் வேண்டும்.