சண்டையும் சாப்பாடும்

என் நாவல் ஒன்றைப் படித்த வாசகி ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். இரண்டு வரி பாராட்டு, அதன் பிறகு ஒரு கேள்வி. அந்த நாவலில் நான்கு நண்பர்கள் தினமும் மாலையில் ஒரு காப்பி ஹோட்டலில் கூடுகிறார்கள். இலக்கியம், அரசியல், கடவுள் என்று எதையாவது எடுத்துக்கொண்டு மோதிக்கொள்கிறார்கள். "இப்படி அடித்துக்கொள்கிறவர்கள் மறுநாளும் ஏன் அதே இடத்துக்கு வருகிறார்கள்? அது மட்டும் எனக்கு விளங்கவில்லை" என்று கேட்டிருந்தார் அந்த அம்மாள்.

உடனே பதில் எழுதவில்லை. எழுத என்னிடம் பதில் இல்லை. அந்த அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதியில் காப்பியில் தண்ணீர் கலந்த பேச்சு, மழைப் பேச்சு, யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரில் வரன் பார்க்கிறார்கள் என்ற பேச்சு எல்லாம் இருந்தன. கதையை நகர்த்தவில்லை என்று நானேதான் அவற்றை அடித்துத் தள்ளினேன். விவாதத்தை மட்டும் நிறுத்திக்கொண்டேன். அப்படி அடித்தது பெரிய கலைஞன் செய்கிற காரியம் என்று அப்போது ஒரு நினைப்பு.

கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. அந்த நிலையில் பாஸ்வெல் எழுதிய ஜான்ஸன் சரித்திரத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். 1791ல் வெளிவந்த புத்தகம். பெரியது, ஒரே மூச்சில் படிக்கிற ஜாதி இல்லை. எங்கே பிரித்தாலும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். காது கொடுத்துக் கேட்டுவிட்டு மூடி வைத்துவிடலாம்.

ஜான்ஸனும் ஓவியர் ரெனால்ட்ஸும் சேர்ந்து 1764ல் லண்டனில் ஒரு கிளப் தொடங்கினார்கள். அதற்குப் பெயரே கிளப்தான். ஸோஹோவில் ஜெரார்ட் தெருவிலிருந்த ஒரு சாராயக்கடையில் திங்கட்கிழமை இரவு ஏழு மணிக்குக் கூடுவார்கள், சாப்பிடுவார்கள், பேசுவார்கள். ஆரம்பத்தில் ஒன்பது பேர். அரசியல்வாதி பர்க், அவருடைய மாமனார் டாக்டர் நுஜென்ட், கோல்ட்ஸ்மித், சங்கீத சரித்திரம் எழுதிய ஹாக்கின்ஸ் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சும்மா விட்டுவிடுகிற கூட்டம் அல்ல அது. பேசி ஜெயிப்பதில் ஜான்ஸனுக்கு இருந்த வெறி ஊரறிந்த விஷயம். கட்சி மாறி நின்று வாதாடவும் அவர் தயங்கமாட்டார்.

இந்தக் கூட்டத்தில் நடந்த இரண்டு சண்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் சண்டை ஹாக்கின்ஸுடையது. இந்த மனிதர் வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிடுகிற வழக்கமில்லை. அதனால் கிளப்பிலும் சாப்பாட்டுக் கணக்கில் தம் பங்கைக் கொடுக்க மறுத்துவிட்டார். நியாயம் அவர் பக்கம் இல்லை என்று சொல்லமுடியாது. சாப்பிடாததற்கு எதற்குக் காசு? மற்றவர்களும் சரி என்று விட்டுவிட்டார்கள். பிறகு ஒருநாள் இரவு பர்க்கை அவர் மிகவும் கடுமையாகத் தாக்கிப் பேசினார். அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது கிடைத்த வரவேற்பில் குளிர்ந்துபோய், அதன் பிறகு அவர் வரவேயில்லை. இது ரெனால்ட்ஸ் சொன்னதாக பாஸ்வெல் தருகிற செய்தி. இரவு வெகுநேரம் ஆகிறது, அதனால் நின்றுவிட்டேன் என்று ஹாக்கின்ஸ் தம் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கூட்டத்துக்கு ஆகாத மனிதர் என்பதற்கு ஜான்ஸன் புதிதாக ஒரு வார்த்தையே உண்டாக்கி அவர் தலையில் வைத்தார்.

இரண்டாவது சண்டை 1773ம் வருஷம் மே மாதம் 7ந் தேதி நடந்தது. டில்லி சகோதரர்கள் என்ற புத்தக வியாபாரிகளின் வீட்டில் பகல் விருந்து. மதசகிப்பைப் பற்றி ஜான்ஸன் முழங்கிக்கொண்டிருக்கிறார். கோல்ட்ஸ்மித்துக்குத் தாமும் ஒரு வார்த்தை சொல்லிப் பிரகாசிக்கவேண்டும் என்று ஆசை. புறப்படுவதற்காகத் தொப்பியைக் கையில் எடுத்தவர், போகவும் மனமில்லாமல், பேசவும் இடம் கிடைக்காமல் சற்று நேரம் நிற்கிறார். இந்தத் தொப்பியைத்தான் நான் பெரிய எழுத்து என்று சொல்வேன். வாயைத் திறந்தபோது ஜான்ஸனின் குரல் அதை அமுக்கிவிடுகிறது. கோபத்தில் தொப்பியைக் கீழே போடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து வேறொருவர் பேச ஆரம்பிக்கிறார். ஜான்ஸன் ஏதோ சப்தம் செய்கிறார். ஒரு மணி நேரம் உங்களை அவர் பொறுமையாகக் கேட்டாரே, இப்போது அவரை நாங்கள் கேட்கலாமா என்கிறார் கோல்ட்ஸ்மித். ஜான்ஸன் திரும்பி, நான் குறுக்கே பேசவில்லை, கவனிக்கிறேன் என்பதற்கு அடையாளம் காட்டினேன், நீர் மரியாதை இல்லாமல் பேசுகிறீர் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறார். கோல்ட்ஸ்மித் பதில் சொல்லவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, அதற்குள் கிளப் கூடும் நாள் வெள்ளிக்கு மாறியிருந்தது. மாலையில் ஜான்ஸனும் பாஸ்வெலும் அங்கே போகிறார்கள். பர்க் இருக்கிறார், நடிகர் காரிக் இருக்கிறார். கோல்ட்ஸ்மித் ஒரு பக்கமாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்திலிருந்தவர்களிடம் ஜான்ஸன் மெதுவாக, இவரை என்னை மன்னிக்கும்படி செய்கிறேன் பாருங்கள் என்கிறார். பிறகு உரக்கக் கூப்பிட்டு, இன்று விருந்தில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார். நீங்கள் என்ன சொன்னாலும் நான் அவ்வளவு சுலபத்தில் மனத்தில் வைத்துக்கொள்வேனா என்ற பாவனையில் கோல்ட்ஸ்மித் அமைதியாகப் பதில் சொல்கிறார். அடுத்த நிமிஷம் வழக்கம்போல அவர் லொடலொடவென்று பேச ஆரம்பித்துவிட்டார் என்று பாஸ்வெல் எழுதுகிறார்.

அந்த லொடலொடப்புதான் முக்கியம். மன்னிப்போடு காட்சியை முடித்திருந்தால் நல்ல நாடகமாக இருந்திருக்கும். நானாக இருந்தால் அங்கேதான் முடித்திருப்பேன். பாஸ்வெல் முடிக்கவில்லை. மன்னிப்பு நிலைத்துவிட்டது என்பதற்கு அந்த வெட்டிப் பேச்சைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. அந்த மனிதர் சுமார் பதினோரு மாதம்தான் அதற்குப் பிறகு உயிரோடிருந்தார். 1774 ஏப்ரல் 4ல் இறந்துபோனார். ஒரு நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜான்ஸன் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

அப்படியானால் ஹாக்கின்ஸுக்கு ஏன் யாரும் இந்தச் சலுகையைக் காட்டவில்லை? பர்க்கைத் தாக்கியது பெரிய குற்றம், கோல்ட்ஸ்மித்தின் குற்றம் சின்னது என்று சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. ஹாக்கின்ஸ் அங்கே விவாதத்துக்கு மட்டும் வந்தவர். சாப்பாட்டில் அவருக்குப் பங்கில்லை. சண்டை வந்தபோது திரும்பிப் போய் உட்காருவதற்கு அவருக்கு ஓர் இடம் இருக்கவில்லை.

1778 ஏப்ரல் 3ந் தேதி நடந்த கூட்டம் ஒன்றை பாஸ்வெல் ஏறக்குறைய முழுவதுமாக எழுதி வைத்திருக்கிறார். ஜான்ஸனையும் தம்மையும் தவிர, பேசுகிறவர்களுக்குப் பெயருக்குப் பதில் ஓர் எழுத்துதான் போட்டிருக்கிறார். ஆள் யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பழைய காலத்துப் பளிங்கு நாய்ச் சிலை ஒன்றுக்கு ஆயிரம் கினி மதிப்புப் போட்டிருந்ததிலிருந்து பேச்சு ஆரம்பிக்கிறது. மக்கள் வெளிநாட்டில் போய்க் குடியேறினால் தேசத்தில் ஜனத்தொகை குறையுமா, பார்லிமெண்டில் பேசி ஒரு ஓட்டாவது மாறியதுண்டா என்றெல்லாம் போகிறது. இதெல்லாம் கனமான சரக்கு. நடுவில் ஒருவர், நம் பாதிரி நண்பர் அனுப்பிய ஒயின் பீப்பாய் தீரப்போகிறதே என்கிறார். இன்னொன்று வேண்டும் என்று எழுதவேண்டும். ஆனால் விலைக்குக் கேட்கிறோமா, இனாமாகக் கேட்கிறோமா என்று தெரியாதபடி எழுதவேண்டும், அவர் இனாமாகவே அனுப்பிவிட்டாலும் அனுப்பிவிடுவார்! ஜான்ஸன் தாமே காரியதரிசியாக இருந்து எழுதுவதாக முன்வருகிறார். கையைத் தூக்கி ஓட்டெடுத்து ஏகமனதாக நிறைவேற்றுகிறார்கள். எனக்கு இதில் சுயநலமில்லை, நான் குடிப்பதில்லையே என்கிறார் கிழவர். வார்த்தை விளையாட்டு கொஞ்சம் நடக்கிறது. மறுபடி கனமான விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள்.

பார்லிமெண்ட் பேச்சைப் பற்றி அன்று யார் என்ன சொன்னார்கள் என்பது இன்று எனக்கு அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. பீப்பாய் வேண்டியிருக்கிறது.

ஆரஞ்சுத் தோல் விவகாரமும் இப்படித்தான். கிளப்பில் சாற்றைப் பிழிந்துவிட்டுத் தோலை ஜான்ஸன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். 1775 ஏப்ரல் 1ந் தேதி காலையில் அவர் வீட்டுக்குப் போன பாஸ்வெல், முதல் நாள் தோல்கள் சுரண்டிச் சுத்தமாக நறுக்கி மேஜைமேல் வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறார். இவற்றை என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். உலர்த்துகிறேன் என்கிறார். அப்புறம்? அதைச் சொல்லமாட்டேன் என்கிறார். 1755ல் ஜான்ஸன் ஒரு பெண்மணிக்கு எழுதிய கடிதத்தில், உலர்ந்த ஆரஞ்சுத் தோலை இடித்துப் பொடி செய்து சூடான ஒயினில் போட்டுச் சாப்பிட்டால் அஜீரணத்துக்கு நல்லது என்று கைவைத்தியம் சொல்லியிருக்கிறார். அதுதான் ரகசியமாக இருக்கவேண்டும். நம் வீட்டுப் பாட்டிமார் நார்த்தங்காயை எடுத்துவைப்பது மாதிரி!

மெக்காலே 1831ல் எழுதிய கட்டுரையில் பாஸ்வெல்லை முட்டாள் என்று தீர்த்துவிட்டார். முட்டாளாக இருந்ததால்தான் பெரிய புத்தகம் எழுத முடிந்தது என்பது அவர் கட்சி. புத்திசாலி இதையெல்லாம் விட்டிருப்பானாம். அவருடைய தமிழ்நாட்டுச் சிஷ்யர்கள் இன்றும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். மெக்காலேக்குப் பின் பாஸ்வெல்லின் சொந்தத் தாள்கள் அகப்பட்டன. இளம் வயதில் எழுதிய லண்டன் நாட்குறிப்பு 1950ல் அச்சாயிற்று. குறிப்பைக் காட்சியாக மாற்ற அந்த மனிதர் எவ்வளவு உழைத்தார் என்பது இப்போது தெரிந்த விஷயம். எதை விடக்கூடாது என்று தெரிந்தவன் முட்டாளாக இருக்கமுடியாது.

அவரிடம் குறையில்லை என்று நான் சொல்லமாட்டேன். கோல்ட்ஸ்மித்தை அவர் நடத்துகிற விதத்தில் பொறாமை நாற்றம் இருக்கிறது. எங்கே பார்த்தாலும் அசடு வழியும்படிதான் நிறுத்துகிறார். தவிர, பாஸ்வெலுக்கு எடின்பரோவில் வக்கீல் தொழில். கிளப்பில் அவர் சேர்ந்ததே 1773ல்தான். லண்டனுக்கு வருஷத்தில் சில வாரங்களே வருவார். அவர் இல்லாத இரவுகளில் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று. அப்படிப் போகாமல் வேறு வழியில் தப்பியது ஒன்று உண்டு. டாக்டர் நுஜென்ட் கத்தோலிக்கர்; வெள்ளிக்கிழமை மாமிசம் தொடமாட்டார், முட்டை ஆம்லெட்தான். அவர் 1775ல் காலமானார். இனி அந்த நண்பரோடு ஆம்லெட் சாப்பிடமாட்டேனே என்று ஜான்ஸன் மனம் கலங்கிச் சொன்னாராம். திருமதி பியோஸி 1786ல் வெளியிட்ட நூலில் இது இருக்கிறது. நுஜென்ட் எந்த விவாதத்தில் என்ன கட்சி எடுத்தார் என்று அவர் சொல்லவில்லை.

இனி என் விஷயம். நாவலில் வருகிற அந்த நால்வரில் ஒருவர் கற்பனை அல்ல. முப்பது வருஷத்துக்கு முன் திருச்சியில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். ஒரு புத்தகத்தைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் முற்றி, நான் அவரைப் பார்த்து, "ஸார், நீங்கள் படித்ததையெல்லாம் மறந்துவிட்டால் தேவலை" என்று சொன்னேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஹோட்டலுக்கு அவர் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்றைக்கு டிகாக்ஷன் கொஞ்சம் இறங்கலை போலிருக்கே" என்றார். நான் பதில் சொல்லாமல் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டேன். சாதாரணப் பேச்சுதானே என்று நினைத்தேன். ஏதாவது பெரிதாகச் சொல்வார், நானும் பெரிதாகப் பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேனோ என்னவோ. ஒரு வாரத்தில் அவர் வருவது நின்றது. இரண்டு வருஷத்தில் ஆளே போய்விட்டார்.

வாசகி அம்மாளுக்கு இதை எப்படி எழுதுவது? நாவல் மறுபதிப்பு வருகிறது. அடித்த பக்கங்களைத் திரும்பச் சேர்க்கலாமென்று உட்கார்ந்தேன். பழைய கையெழுத்துப் பிரதி அகப்படவில்லை. அன்றைய விவாதம் எனக்கு வரிக்கு வரி ஞாபகமிருக்கிறது. அவர் மேற்கோள் காட்டியதில் இருந்த பிழைகூட ஞாபகமிருக்கிறது. மற்ற மாலைகளில் அவர் என்ன பேசுவார் என்று யோசித்துப் பார்க்கிறேன். வெற்றிலை போடும்போது காம்புகளைக் கிள்ளி, எறியாமல், ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.