விளையாட்டும் துயரமும்: ‘புளூயி’ சித்திரத் தொடரிற் குடும்பமும் உணர்ச்சியும்

சிறுவருக்கென ஆக்கப்படும் கலைப்படைப்புக்கள் திறனாய்வாளரின் கவனத்தைப் பெறுவது அரிது. அவை பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படுகின்றன. அல்லது நீதி புகட்டுங் கருவிகள் என்ற அளவிற் பாராட்டப்படுகின்றன. இவ்விரு நோக்குகளும் ஓர் அடிப்படை வினாவைத் தட்டிக்கழிக்கின்றன. குழந்தையின் துயரம், அச்சம், பொறாமை, பிரிவுணர்வு ஆகியன முழுமையான மானிட உணர்ச்சிகளா, அன்றி வளர்ந்தோரின் உணர்ச்சிகளுக்கு வெறும் முன்னோட்டங்களா என்பதே அவ்வினா. அவுஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரான ‘புளூயி’ இவ்வினாவுக்குத் தெளிவான விடையொன்றைத் தருகின்றது. அதனாலேயே அது ஆராயத்தக்கதாகின்றது.

ஜோ புறும் என்பவரால் உருவாக்கப்பட்டு, பிறிஸ்பேன் நகரிலுள்ள லூடோ கலையகத்தினாற் தயாரிக்கப்பட்ட இத்தொடர், 2018 ஒக்ரோபர் மாதத்தில் அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் சிறுவர் அலைவரிசையில் ஆரம்பமாயிற்று. முதல் மூன்று பருவங்களிலும் 150 இற்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் வெளிவந்தன. ஒவ்வோர் அத்தியாயமும் பெரும்பாலும் 7 நிமிட அளவினது. மாட்டு மந்தைகளை ஓட்டுவதற்கென அவுஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட நாயினத்தைச் சேர்ந்த குடும்பமொன்றே கதையின் மையம். தந்தை பண்டிற் தொல்லியலாளர். தாய் சில்லி விமான நிலையப் பாதுகாப்புப் பணியிலிருப்பவர். தொடரின் தொடக்கத்தில் மூத்தவள் புளூயிக்கு வயது 6. இளையவள் பிங்கோவுக்கு 4. தூண்களின்மேல் எழுப்பப்பட்ட, விறாந்தையுடன் கூடிய குயின்ஸ்லாந்து மரபு வீடே இவர்களின் உலகம்.

விலங்குகளை மனிதராக்கிக் கதை சொல்லும் மரபு மிகத் தொன்மையானது. ஆயினும் பஞ்சதந்திரம் போன்ற கதைகளில் நரி தந்திரத்துக்கும் சிங்கம் அதிகாரத்துக்கும் குறியீடாகி, விலங்கு ஒரு குணத்தின் உருவமாகின்றது. ‘புளூயி’யில் நாய்கள் எக்குணத்துக்கும் குறியீடாவதில்லை. விலங்குருவம் பாத்திரங்களை இன, நிற அடையாளங்களிலிருந்து ஓரளவு விலக்கிவைக்கின்றது. எந்நாட்டுக் குழந்தையும் புளூயியின் இடத்திற் தன்னை வைத்துப் பார்க்க இயலுகின்றது. தொடரின் உலகளாவிய வரவேற்புக்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

தொடரின் உயிர்நாடி விளையாட்டாகும். ஏறக்குறைய ஒவ்வோர் அத்தியாயமும் பிள்ளைகள் புனைந்துகொள்ளும் ஒரு விளையாட்டினைச் சுற்றியே அமைகின்றது. இவ்விளையாட்டு வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் வழியன்று. வாழ்க்கையை விளங்கிக்கொள்ளும் முறையாகும். தாய் அருகில் இல்லாத வேளையிற் குழந்தையொன்று நூற்கட்டையை எறிந்து மீளவும் இழுத்து விளையாடியதைச் சிக்மண்ட் பிராய்ட் 1920 இல் வெளியிட்ட நூலொன்றில் ஆராய்ந்தார். தன்னாற் தடுக்க இயலாத பிரிவினை விளையாட்டின் மூலம் குழந்தை தன்வசப்படுத்திக்கொள்ள முயல்கின்றது என்பது அவர் தந்த விளக்கங்களுள் ஒன்று. ‘கொப்பிகற்’ என்னும் அத்தியாயம் இவ்வுண்மையை மிகுந்த எளிமையுடன் காட்டுகின்றது. புளூயியும் தந்தையும் காயமுற்ற சிறு கிளியொன்றைக் கண்டெடுத்து மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்கின்றனர். கிளி இறந்துவிடுகின்றது. வீடு திரும்பிய புளூயி, தாயையும் தங்கையையும் சேர்த்துக்கொண்டு அன்றைய நிகழ்வினையே விளையாட்டாக நடிக்கின்றாள். விளையாட்டிலாவது கிளி பிழைத்துக்கொள்ளலாம். கற்பனைக்கு எவரும் தடை விதிப்பதில்லை. ஆயினும் அங்கும் கிளி இறக்கின்றது. முடிவினை மாற்றாது மீண்டும் ஒருமுறை கடந்துசெல்வதே அக்குழந்தைக்குத் தேவைப்படுகின்றது. மரணத்தைப் பற்றிய போதனை எதுவும் இங்கு நிகழ்த்தப்படவில்லை. பெற்றோர் விளையாட்டிற் பங்குகொள்கின்றனர்; அவ்வளவே. சிறுவர் படைப்புக்களில் அரிதாகக் காணப்படும் நேர்மை இதுவாகும்.

உணர்ச்சியைச் சொல்லாற் கூறாது மெய்யின்கண் தோன்றச் செய்தலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். இத்தொடரின் சிறந்த அத்தியாயங்கள் இந்நெறிக்கு உடன்பட்டே நிற்கின்றன. ‘ஸ்லீப்பிரைம்’ இதற்குத் தக்க சான்று. தனது கட்டிலிற் தனியே உறங்கும் ‘பெரிய பிள்ளை’யாக வேண்டுமென்று பிங்கோ தீர்மானிக்கின்றாள். அவளது கனவு விண்வெளியில் நிகழ்கின்றது. வீட்டிலோ புளூயியும் பெற்றோரும் நள்ளிரவிற் கட்டிலுக்குக் கட்டில் மாறிக்கொண்டிருக்கின்றனர். குளிரும் தனிமையும் நிறைந்த வெளியில் அலையும் பிங்கோவுக்குச் சூரியனின் வெம்மை தாயின் அணைப்பாகின்றது. உரையாடல் மிகச் சொற்பம். ஹோல்ஸ்ற் 1914க்கும் 1917க்குமிடையில் இயற்றிய ‘கோள்கள்’ என்னும் இசைத்தொகுதியின் வியாழன் பகுதியே உணர்ச்சியைத் தாங்கிச் செல்கின்றது. தாயை விட்டு விலகுதலும் தாயின் அன்பில் நிலைத்தலும் முரணானவையல்ல என்பதைக் காட்சியும் இசையும் இணைந்து உணர்த்துகின்றன.

பெற்றோரும் இங்கு உணர்ச்சியற்ற அதிகார உருவங்களல்லர். ‘பேபி றேஸ்’ அத்தியாயத்திற் குழந்தைப் பருவத்துப் புளூயி பிற குழந்தைகளைப்போல் விரைவில் நடக்கவில்லை என்பதால் சில்லி தன்னைத்தானே குறைகூறிக்கொள்கின்றாள். பல பிள்ளைகளை வளர்த்த மற்றொரு தாய் அவளைத் தேடிவந்து, அவள் நன்றாகவே செய்கின்றாள் என்று ஆறுதல் கூறுகின்றாள். ஒப்பீட்டையும் போட்டியையும் வளர்க்கும் ஒரு சமூகத்திலே தாய்மையின் தனிமை எத்தகையது என்பதை இச்சிறு காட்சி புலப்படுத்துகின்றது. ‘ஒன்சீஸ்’ அத்தியாயத்திற் சில்லியின் சகோதரி பிராண்டி பல ஆண்டுகளாக வராதிருந்த காரணம் முழுமையாக விளக்கப்படுவதேயில்லை. அவள் பெரிதும் விரும்பும் ஒன்று அவளுக்குக் கிட்டவில்லை என்று மாத்திரமே பிள்ளைக்குச் சொல்லப்படுகின்றது. குழந்தையில்லாத் துயரம் என்பதை வளர்ந்தோர் உணர்ந்துகொள்வர். சில துயரங்களுக்குத் தீர்வில்லை என்பதைக் குழந்தை உணர்ந்துகொள்ளும். ஒரே காட்சி இரு தலைமுறையினரிடமும் பொய்யின்றிப் பேசுகின்றது.

இனி, இத்தொடரின் வரையறைகளையும் நோக்குதல் வேண்டும். பண்டிற் வீட்டு வேலைகளிற் பங்குகொண்டு, மணிக்கணக்காகப் பிள்ளைகளுடன் விளையாடும் தந்தை. சிறுவர் தொடர்களில் வழக்கமாகத் தோன்றும் அறிவற்ற, கேலிக்குரிய தந்தையருக்கு இவன் சிறந்த மாற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்விளையாட்டுக்கான நேரம் எங்கிருந்து வருகின்றது? இரு பெற்றோரும் தொழில் புரிபவர்கள் என்று கூறப்படினும் அத்தொழிலின் களைப்பும் நிர்ப்பந்தமும் கதையினுள் அரிதாகவே நுழைகின்றன. வேலைக்கெனவே வளர்க்கப்பட்ட நாயினம் வேலை மறைந்துபோன வீட்டில் வாழ்கின்றமை கவனிக்கத்தக்க முரண். விசாலமான வீடும் ஓய்வும் உடைய நடுத்தர வர்க்கத்தின் வாழ்வு, குடும்ப வாழ்வின் இயல்பு நிலையாகவே இங்கு தோற்றம் பெறுகின்றது. இரவு வேலைக்குச் செல்லும் தாய் இதனைப் பார்த்துத் தன் அன்பிற் குறைகாணக்கூடும். குறை உண்மையில் அவளது நேரத்திலேயே உள்ளது.

2024 ஏப்ரலில் வெளிவந்த 28 நிமிட அத்தியாயமான ‘த சைன்’ இப்பிரச்சினையை நேரடியாகவே தொட்டது. பண்டிற்றுக்கு வேறொரு நகரில் நல்ல வேலை கிடைக்கின்றது. வீடு விற்பனைக்கு வருகின்றது. பொருளாதாரத் தேவை குடும்பத்தின் உள்ளத்தைக் குலைக்கும் இச்சந்தர்ப்பம் தொடரிலேயே மிகவும் கனதியானது. நன்மை தீமையை உடனே தீர்மானித்தல் இயலாது என்னும் விவசாயி கதையொன்றினை ஆசிரியை பிள்ளைகளுக்குக் கூறுகின்றாள். ஆயின் முடிவில் வீட்டை வாங்கவிருந்தோர் விலகிக்கொள்கின்றனர். பண்டிற் விற்பனைப் பலகையைப் பிடுங்கி எறிகின்றான். பிராண்டியும் கருவுற்றவளாகத் தோன்றுகின்றாள். இம்முடிவு மகிழ்ச்சி தருவது. கோடிக்கணக்கானோர் விரும்பியதும் இதுவே. ஆயினும் கிளியைச் சாகவிட்ட கலைஞர்கள் வீட்டை விற்கத் துணியவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. மரணத்தைக் குழந்தை தாங்கும் என நம்பிய தொடர், இடப்பெயர்வைத் தாங்கும் என நம்பவில்லை. தொழிலின் பொருட்டு வீடு மாறிய குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர். பலகையைப் பிடுங்கி எறியும் வாய்ப்பு அவர்களின் தந்தையருக்குக் கிட்டுவதில்லை. அப்பிள்ளைகள் தம் கதையை இவ்வத்தியாயத்தின் முதற்பாதியிற் காண்பர், பிற்பாதியில் இழந்துவிடுவர்.

இக்குறை தொடரின் பெருமையை அழித்துவிடுவதன்று. ‘கிரிக்கெற்’ அத்தியாயத்தில், படைவீரனாகிய தந்தை தொலைவிலிருக்க, றஸ்ரி என்னும் சிறுவன் துடுப்பாட்டத்தை இடைவிடாது பயில்கின்றான். வேகமான பந்துக்கு அஞ்சிய அவன் அச்சத்தை வெல்வதற்குத் தந்தையின் கடிதமொன்று துணைசெய்கின்றது. முடிவில், முழுத் திறமையையும் பெற்ற அவன், தனது தங்கை பிடித்து மகிழும்படி பந்தினை அவளிடம் அடித்துக் கொடுத்து ஆட்டமிழக்கின்றான். இங்கு தந்தையின் இல்லாமை நீக்கப்படவில்லை. அவ்வில்லாமையின் நடுவிலேயே பரிவு வளர்கின்றது. தொடரின் உண்மையான சாதனை இத்தகைய இடங்களிலேயே உள்ளது.

குழந்தையின் உணர்ச்சி முழுமையான உணர்ச்சியே என்பதை ‘புளூயி’ ஐயத்துக்கிடமின்றி நிறுவியுள்ளது. அவ்வுணர்ச்சி எத்தகைய வீட்டில், எத்தகைய உழைப்பின் மீது நிலைகொள்கின்றது என்ற வினாவை அது தொட்டு விலகுகின்றது. அவ்வினாவை இறுதிவரை கைவிடாது தொடரும் சிறுவர் படைப்பு தோன்றுமாயின், அதற்குரிய மொழியை இந்த 7 நிமிடச் சித்திரங்கள் ஏற்கெனவே ஆக்கித் தந்துள்ளன.