நடு எது என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

அயப்பாக்கம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புப் பக்கம் போகிறவர்கள் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். 1999-இல் அது உருவானபோது ஆவடியிலிருந்த ஜால்மா தொழுநோய்க் களப்பிரிவும் அதில் சேர்ந்தது. தொழுநோய்க் கிருமி ஒன்று இரண்டாக ஏறக்குறைய 12 முதல் 14 நாள் பிடிக்கும். நல்ல தீனி கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்தில் முடித்துவிடுகிற வேலை!

ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும் என்ற பள்ளிக்கூடக் கணக்கில் சுவை கிடையாது. பிரிவதற்கு முன் உள்ளே நடக்கும் ஏற்பாட்டைப் பார்க்கப் பழக வேண்டும்.

வீட்டுத் தயிரில் தொடங்குங்கள். கடுகளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தேய்த்து, உலர்த்தி, லேசாகத் தீயில் காட்டி, கிரிஸ்டல் வயலட் சாயம் ஏற்றுங்கள். பொம்மை மைக்ராஸ்கோப் போதாது. தெரிந்த கல்லூரி ஆய்வகத்தில் எண்ணெய் லென்ஸில், 1,000 மடங்கில் பார்க்க வேண்டும். பிரிந்த பிறகும் ஒட்டிக்கொண்டு சரமாக நிற்கும் உருண்டைகள் தெரியும். இடையிடையே கோல்கள் இருந்தால், இடுப்பு ஒடுங்கிய ஒன்றைத் தேடுங்கள். கிடைத்ததும் அங்கேயே நில்லுங்கள். ஒடுக்கம் ஏன் நடுவில் விழுந்தது?

கண்ணும் கிடையாது, அளவுகோலும் கிடையாது. ஈ.கோலையில் 'மின்' என்ற புரதக் கூட்டம் செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி ஓடித் திரும்புகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் ஒரு நிமிடம். தெருவின் இரு கோடியிலும் நின்று நின்று போகும் ரோந்துக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்தெருவை அவர் கடந்துதான் போவார். தள்ளுவண்டிக்காரர் கடை போடத் தோதான இடம் அதுதானே? செல்லிலும் 'மின்' தங்காத அந்த நடுவில்தான் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம் இழை இழையாகச் சேர்ந்து வளையமாகிறது. 1991-இல் எர்ஃபெய் பி, ஜோ லுட்கன்ஹாஸ் இருவரும் இந்த வளையத்தைக் கண்டார்கள்.

பெயரில் உள்ள 'எஃப்டிஎஸ்' கோளாறிலிருந்து வந்தது. எஃப்டிஎஸ் மரபணுக்கள் கெட்ட ஈ.கோலை 30 டிகிரியில் ஒழுங்காகப் பிரியும். 42 டிகிரியில், அதாவது கத்திரி வெயில் உச்சத்தில் நம் ஆவடி தொடுகிற சூட்டில், பிரியாமல் நூலாக நீண்டுகொண்டே போகும். மருந்துக் கடையில் கிடைக்கும் செஃபலெக்சினும் ஈ.கோலையை இப்படி நூலாக்கும். அது தடுப்பது எஃப்டிஎஸ்-ஐ என்ற, குறுக்குச்சுவர் கட்டும் நொதியை. எனக்கு ஒழுங்காகப் பிரியும் செல்லைவிட இந்த நூல்கள்தான் அதிகம் சொல்லித் தந்தன. எந்த வேலை நின்றால் என்ன ஆகும் என்று அவற்றில் பச்சையாகத் தெரிகிறது.

வளையம் வந்ததும் ஆட்கள் வரிசையாக வருகிறார்கள். எஃப்டிஎஸ்-ஏவும் ஸிப்-ஏவும் வளையத்தைச் சவ்வோடு பிணைக்கும். பிறகு சுவர் கட்டுகிற கூட்டம். எஃப்டிஎஸ்-என் கடைசியில் வந்து சேர்ந்த பின்னரே ஒடுக்கம் தொடங்குகிறது. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் இந்த வரிசையைச் சொல்ல ஒரு சூப்பர்வைசர் இருப்பார். இங்கே அவரும் இல்லை.

வளையம் சும்மா இறுகும் கயிறும் அல்ல. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் விலக, பின்னால் புதியவர் சேர, நடுவில் யாரும் ஓரடிகூட எடுத்து வைக்காமல் இருந்தால் வரிசை மட்டும் பின்னோக்கி ஊர்ந்துபோகும். எஃப்டிஎஸ்-இசட் இழைகளும் அப்படித்தான் செல்லைச் சுற்றி ஊர்கின்றன. சுவர் கட்டும் நொதிகள் கூடவே போகின்றன. 2017-இல் வந்த இரண்டு ஆய்வுகள் இதைக் காட்டின. ஒளிரும் புரதம் ஒட்டி எடுத்த படங்களில் அந்த ஊர்தலைப் பார்க்கலாம். தயிர்த் தகட்டில் தெரியாது.

இனி ஆவடிக் கிருமிக்கு வருவோம். 2001-இல் முழு மரபணுத் தொகுதி வெளியான தொழுநோய்க் கிருமியின் வகைக்கு 'டிஎன்' என்று பெயர். ஆமாம், தமிழ்நாடுதான், இங்கிருந்து எடுத்த கிருமி. சுமார் 1,600 மரபணுக்கள் வேலை செய்கின்றன, 1,100-க்கு மேல் செத்துக் கிடக்கின்றன. அத்தனையை இழந்தும் எஃப்டிஎஸ்-இசட்டை அது விடவில்லை. ரோந்துக்கார 'மின்' ஏற்பாடோ அதன் குடும்பத்தில் காணோம். ஆனால் அதன் வளையத்தை ஆசைதீரப் பார்க்கவும் வழியில்லை: தட்டில் வளராது. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோவின் உடலிலும்தான் வளர்க்கிறார்கள்.