முட்டைக் கூடையும் அலாய் வீலும்

கார் விளம்பரங்களைக் கொஞ்சம் உன்னிப்பாகப் படித்துப் பாருங்கள். சன் ரூஃப் இருக்கும். டச் ஸ்கிரீன் எத்தனை அங்குலம் என்று இருக்கும். கப் ஹோல்டர்கூட இருக்கும். 'இந்தக் காரின் பின் சீட்டில் 200 கிலோமீட்டர் போனால் உங்கள் அம்மாவின் இடுப்பு என்ன ஆகும்?' என்பது மட்டும் இருக்காது. சரி, விளம்பரம் அப்படித்தான். விமர்சனம் எழுதுகிறவர்கள்? பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை செகண்ட் என்று தசம ஸ்தானம் வரை எழுதுவார்கள். சொகுசு என்று வந்தால், 'ரைடு குவாலிட்டி ஓ.கே.' என்று ஒரே வரி. ஓ.கே. என்றால் யாருக்கு? எந்த ரோட்டில்?

சொகுசை முதல் நிபந்தனையாக வைத்துச் செய்த கார் ஒன்று உண்டு. பிரான்ஸின் சிட்ரோயன் 2சிவி. கடனில் மூழ்கிய சிட்ரோயன் கம்பெனி 1930-களின் நடுவில் மிஷலின் கைக்குப் போனது. ஆமாம், டயர் மிஷலின்தான். அங்கிருந்து வந்த பியேர் பூலான்ஷே தன் இன்ஜினீயர்களுக்குக் கொடுத்த உத்தரவு பிரசித்தம். இரண்டு விவசாயிகள் ஏறணும், 50 கிலோ உருளைக்கிழங்கு ஏறணும், ஒரு கூடை முட்டையோடு உழுத வயலில் ஓட்டணும், ஒரு முட்டைகூட உடையக்கூடாது. யுத்தம் குறுக்கிட்டதால் 1948-ல்தான் பாரிஸ் கண்காட்சியில் அந்தக் கார் வெளிவந்தது. பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். ஜனங்கள் 1990 வரை வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

அப்படி என்ன செய்தார்கள்? ஒரே பக்கத்து முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஸ்பிரிங்குகளால் இணைத்தார்கள். முன் சக்கரம் மேட்டில் ஏறினால் பின் பக்கத்துக்கும் சேதி போய்விடும். மூக்கு தூக்கி, வால் தாழ்ந்து ஆடுகிற ஆட்டம் குறைந்தது. சீட்டை ரப்பர் பட்டைகளில் தொங்கவிட்டார்கள், நம் வீட்டுத் தூளி மாதிரி. டயர்? ஒல்லி, ஆனால் உயரம். அகலம் 125 மில்லிமீட்டர்தான். டயர்க்காரர் முதலாளியாக இருந்ததில் ஒரு லாபம். சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் சீட்டையும் ஒரே குடும்பமாக நினைத்தார்கள். என் கட்சி, சொகுசுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

இந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன வேலை? டயருக்குள் இருக்கும் காற்றுதான் முதல் ஸ்பிரிங். சின்னக் கல், பாலத்து இணைப்பு, பேட்ச் போட்ட தார், இந்தச் சில்லறைகளை அதுதான் விழுங்க வேண்டும். பள்ளம், மேடு என்ற பெரிய நோட்டுகளை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். வாங்கியதைத் திருப்பித் தரும் என்பதுதான் தொல்லை. அமுங்கிய ஸ்பிரிங் மறுபடி எம்பும், அப்புறம் அமுங்கும். அந்தத் தாலாட்டை நிறுத்துகிற வேலை ஷாக் அப்சார்பருடையது. பெயர்தான் அப்படி. நிஜத்தில் அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். இவர் ஆட்டத்தை அடக்குகிற வாத்தியார்.

'அப்போ எல்லாவற்றையும் மெத்தென்று வைத்தால் போச்சு' என்பீர்கள். முடியாது சார். நல்ல காரின் உடம்பு செகண்டுக்கு ஒன்று, ஒன்றரை முறை ஆடும். ஏறக்குறைய நம் நடையின் தாளம். அதனால் நமக்கு உறுத்தாது. செகண்டுக்கு அரை முறைக்கும் கீழே போனால் கப்பல் மாதிரி ஆடி வாந்தி வரும். நாலு முதல் எட்டு வரை போனால் வயிறும் முதுகும் எதிர்ப்புத் தெரிவிக்கும். மனித உடம்பு மேலும் கீழுமான ஆட்டத்தை அதிகம் உணர்வது அந்த எல்லையில்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டயரின் பக்கவாட்டில் 195/65 ஆர்15 என்று எழுதியிருக்கும். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 65 சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 127 மில்லிமீட்டர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதே காருக்கு ஸ்டைலாக இருக்கட்டும் என்று 225/45 ஆர்17 போடுகிறீர்கள். சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். ஆனால் பக்கச் சுவர் 101 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு அங்குலக் காற்று மெத்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை வைத்திருக்கிறீர்கள். பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளையும், டயர் வீங்கும்.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு எதையும் பற்று வரவு எழுதிப் பார்த்தால்தான் புரியும். வரவு: வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்கும், பெரிய பிரேக் வைக்க இடம் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். பற்று: ஒவ்வொரு கல்லும் உங்கள் முதுகெலும்பில் கையெழுத்துப் போடும். ஜெர்மன் நெடுஞ்சாலையில் 180-ல் போகிறவருக்கு இந்தக் கணக்கு சரி. மழைக்குப் பிந்தைய வேளச்சேரியில் முப்பதில் போகிறவருக்கு? பெரிய ரிம் பெரும்பாலும் விலை கூடின மாடலில்தான் வருகிறது. கூடுதல் பணம் கொடுத்து முதுகுவலி வாங்குகிற வியாபாரத்தை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

'அம்பாசடர் மாதிரி வருமா?' என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் சொகுசில் பாதி உயரமான டயருக்கும் சோபா மாதிரி சீட்டுக்கும் கனமான உடம்புக்கும் சேரவேண்டியது. பின்னால் இருந்தது நம் வில்வண்டியின் வம்சமான பட்டை ஸ்பிரிங். இரண்டு பின் சக்கரமும் ஒரே அச்சில் கட்டியவை. ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் துக்கம் விசாரிக்கும். ஆள் ஏறாமல் போனால் பின்பக்கம் உதைக்கும். 2014-ல் உத்தரபாராவில் உற்பத்தி நின்றது. நினைவில் எல்லாக் காரும் மெத்தென்றுதான் ஓடும்.

ரோட்டின் குற்றமும் இருக்கிறது. வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில் வழுவழுவென்று ஏறி இறங்க வேண்டும் என்கிறது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். நம் தெருவில் இருப்பது புதைத்த கட்டை. ஆனால் ரோடு நம் கையில் இல்லை. காற்று நம் கையில் இருக்கிறது. பங்க்கில் பையன் கேட்டதும் 'முப்பத்தஞ்சு போடுப்பா' என்று எல்லாக் காருக்கும் ஒரே மந்திரம் சொல்லாதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் சரியான அளவு இருக்கிறது. டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும். அதிகமானால் கார் துள்ளும். சொகுசுக்காகக் குறைத்தாலோ டயர் சூடேறும், ஓரம் தேயும், பெட்ரோலும் கூடச் செலவாகும். டயரில் நாலு இலக்கத்தில் தேதியும் உண்டு. 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் பிறந்தது. வயசான ரப்பர் இறுகிவிடும். அப்புறம் ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

அடுத்த முறை டெஸ்ட் டிரைவ் போகும்போது ஸ்டீயரிங்கை மகனிடமோ மகளிடமோ கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். கூடவே அம்மாவையும் கூட்டிப் போங்கள். ஷோரூம்காரர் பைபாஸ் பக்கம் திரும்பச் சொல்வார். வேண்டாம் என்று சொல்லி உங்கள் தெருவுக்கே விடச் சொல்லுங்கள். ஏ.சி., மியூசிக் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இறங்கியதும் அம்மாவை மட்டும் கேளுங்கள். அவர் 'பரவாயில்லைப்பா' என்று இழுத்தால், அந்தக் கார் வேண்டாம்.